ஓட்டு வந்த வழி – 17: உறைக்குள் நான்கு நிறம்

2019 டிசம்பர் கடைசியில் அரிமளத்தைச் சுற்றியிருந்த கிராமங்கள் எல்லாம் தேர்தல் சூட்டில் இருந்தன. அரிமளத்துக்கு மட்டும் தேர்தல் இல்லை. வெளியூர்க்காரருக்கு இது புரியக் கொஞ்சம் நேரமாகும். புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயத்துக்குக் கிழக்கே, அரிமளம் என்ற ஒரே பெயரில் இரண்டு உள்ளாட்சிகள் உண்டு. ஒன்று பேரூராட்சி. இன்னொன்று சுற்றுவட்டார ஊராட்சிகளைச் சேர்த்த ஊராட்சி ஒன்றியம். மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் ஒன்று. ஒன்றியத்துக்குப் பெயர் கொடுத்தது ஊர். ஆனால் ஊர்க்காரர் ஒன்றியக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட முடியாது. டிசம்பர் 27, 30 ஆகிய இரண்டு நாட்களில் நடந்தது ஊரக உள்ளாட்சித் தேர்தல். பேரூராட்சிக்கு முறை வந்தது 2022 பிப்ரவரி 19-இல். அதற்கு முன் அரிமளம் தன் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தது 2011 அக்டோபரில். நடுவில் 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததால், வருடக்கணக்கில் தனி அலுவலர் ஆட்சி.

ஊரகத் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, சில இடங்களில் நீலம். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சி கிடையாது. பூட்டு சாவியும் ஆட்டோ ரிக்‌ஷாவும் கத்தரிக்காயும்தான் மோதிக்கொள்ளும். பின் இரண்டில் கட்சிச் சின்னம். இயந்திரம் இல்லை, முத்திரை குத்தும் பழைய காகிதச் சீட்டுதான். நான்கு நிறமும் ஒரே பெட்டிக்குள் விழுந்து, எண்ணும் இடத்தில் நிறம் பிரித்து, கட்டுக் கட்டி, அதன் பிறகுதான் எண்ணிக்கை. 2020 ஜனவரி 2 காலையில் தொடங்கிய எண்ணிக்கை பல ஒன்றியங்களில் மறுநாளும் முடியவில்லை.

அந்த எண்ணிக்கையில் முதலில் எடுக்கப்படுவது தபால் உறைகள். இந்த வாரக் கதை அந்த உறைகளைப் பற்றியது.

அரிமளம் ஒன்றியத்தின் ஒரு கிராமத்தில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். அரையாண்டு விடுமுறை நேரம். தேர்தல் வேலைக்கான ஆணை வருகிறது. சொந்த ஒன்றியத்தில் போட மாட்டார்கள். விராலிமலைப் பக்கமோ கந்தர்வகோட்டைப் பக்கமோ ஒரு பூத். முந்தின நாளே கிளம்பி, பெட்டியோடும் சீட்டுக்கட்டுகளோடும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்து எழுந்து, விடியற்காலையிலிருந்து மற்றவர்களின் ஓட்டை வாங்க வேண்டும். அவருடைய ஓட்டு இருப்பது சொந்த ஊரில். அதற்காக விண்ணப்பம் எழுதி, தபால் ஓட்டுச் சீட்டு வாங்கி, உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, அதில் ஓர் அதிகாரியிடம் சான்றொப்பமும் பெற்று, உறைக்குள் உறை வைத்து ஒட்டி, எண்ணிக்கை தொடங்கும் முன் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர்ப்பிக்க வேண்டும். பயிற்சி வகுப்பு நடக்கும் இடத்தில் இதற்கென்று ஒரு பெட்டி வைப்பது வழக்கம். அதில் போட்டுவிடுவோர் அதிகம். தபால்காரர் கையில் படாமலே தபால் ஓட்டு முடிந்துவிடுவதுண்டு.

இதே ஆசிரியை சட்டமன்றத் தேர்தலில் அனுப்பும் உறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. சட்டமன்றத் தொகுதி ஒன்றில் ஆயிரக்கணக்கில் தபால் ஓட்டு விழும். யாருடையது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. காலை எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் ‘தபால் ஓட்டில் முன்னிலை’ என்று ஓடும்போது, அரசு ஊழியர்களின் மனநிலை இது என்று அரங்கில் உட்கார்ந்திருப்பவர் பேசலாம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஊராட்சி வார்டு அப்படியில்லை. மொத்த ஓட்டே சில நூறு. அதில் தேர்தல் வேலைக்குப் போனவர் ஒருவரோ இருவரோ. அந்த ஒற்றை உறையைப் பிரித்து வெள்ளைச் சீட்டை எடுக்கும்போது, மேசைக்கு எதிரே நிற்கும் முகவருக்கு அது டீச்சர் ஓட்டு என்று தெரியும். இரகசிய வாக்குரிமையைச் சட்டம் காக்கிறது. ஆனால் கூட்டல் கழித்தல் தெரிந்த ஊர்க்காரரிடமிருந்து அதைக் காப்பாற்றச் சட்டத்திடம் வழியில்லை.

வார்டு எவ்வளவு சிறியது என்பதற்கு உதாரணம் வேண்டுமானால், 2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியில் 9-ஆவது வார்டு இடைத்தேர்தல். வேட்பாளர் ஒருவருக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. வீட்டிலிருப்பவர்கள்கூடப் போடவில்லையா என்று நாடே கேலி செய்தது. அவருடைய குடும்பத்தின் ஓட்டெல்லாம் வேறு வார்டில் இருந்தது என்ற விளக்கம் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. அந்த ஓர் ஓட்டைப் போட்டவர் யார் என்று குருடம்பாளையத்தில் எத்தனை பேர் கணக்குப் போட்டிருப்பார்கள்!

ஆக, உள்ளாட்சியில் ஒரு தபால் ஓட்டின் எடை அதிகம், மறைவு குறைவு. இந்த இரண்டும்தான் இந்தக் கதை முழுக்க வரும்.

உள்ளாட்சித் தேர்தல் என்றாலே உத்திரமேரூருக்குப் போய்விடுவது நம் எழுத்தாளர்களின் பழக்கம். இத்தொடரும் மூன்றாவது வாரத்திலேயே போய் வந்துவிட்டது. முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடமும் ஓலையும் சிறுவனும் வரும் இடத்தை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால் வரும் நிபந்தனையை அவ்வளவாகச் சொல்வதில்லை. குடவோலை எடுக்கும் அன்று மகாசபையார் சிறியவர் பெரியவர் எல்லோரும் வந்து கூட வேண்டும்; அன்று ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். ஆள் வந்தால்தான் காரியம். எல்லோர் கண்ணெதிரே குடத்தைத் தூக்கிக் காட்டுவதுதான் அந்த முறையின் நேர்மைக்கு ஆதாரம். வராதவருக்கு அங்கே வேலையில்லை.

வராதவர் என்ற பிரச்சினை இந்த வட்டாரத்துக்குக் கப்பலோடு வந்தது. நகரத்தார் ஊர்களில் அரிமளமும் ஒன்று. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவிக் கடை வைத்தவர்கள் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். ஐந்தொகை தபாலில் வந்தது, உண்டியல் வந்தது, கல்யாணத்துக்குச் சம்மதம்கூடக் கடிதத்தில் வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1902-இல் பிரதிநிதி சபை ஏற்பட்டது, 1924-இல் சட்டசபை. புதுக்கோட்டை நகராட்சி 1912-இல். இதெல்லாம் சொத்தும் வரியும் உள்ளவரைச் சுற்றிக் கட்டிய அமைப்புகள். சொத்து ஊரில் இருந்தது, சொத்துக்காரர் ரங்கூனில் இருந்தார்.

சுதந்திர இந்தியாவின் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 60-ஆவது பிரிவில், தபாலில் ஓட்டளிக்கக்கூடியவர் யார் என்று வகுத்தது. ராணுவத்தினர், வெளிநாட்டில் பணிபுரியும் அரசு ஊழியர், தேர்தல் வேலையில் இருப்பவர், தடுப்புக்காவலில் இருப்பவர். கடைசி வகை சுவாரசியமானது. தண்டனைக் கைதிக்கும் விசாரணைக் கைதிக்கும் ஓட்டு கிடையாது. குற்றம் சாட்டப்படாமலே உள்ளே வைக்கப்பட்டவருக்கு உண்டு. 2003-இல் ராணுவத்தினருக்குப் பதிலாள் மூலம் ஓட்டளிக்கவும் வழி செய்தார்கள். எல்லையிலிருக்கும் ஜவானுக்குச் சீட்டு போய்ச் சேருவதற்குள் எண்ணிக்கை முடிந்துவிடும் என்ற நெடுநாள் புகாருக்கு, 2016-இல் ஒரு தீர்வு வந்தது: சீட்டு மின்னணு வழியில் போகும், ஓட்டு மட்டும் தபாலில் திரும்பும். இதை முதன்முதலில் சோதித்துப் பார்த்த இடம் நம் பக்கத்துப் புதுச்சேரி. 2016 நவம்பர் 19, நெல்லித்தோப்பு இடைத்தேர்தல். அன்று ஜெயித்தவர் முதலமைச்சர் வே. நாராயணசாமி.

உறையை ஒட்டுவதும் சான்றொப்பம் வாங்குவதும் சின்ன விஷயம் என்று நினைப்பவர் ராதாபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் தோற்கடித்தார். 203 தபால் ஓட்டுகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. காரணம், உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பது அலுவலரின் முடிவு. மூன்று வருடம் கழித்து, 2019 அக்டோபர் 1-இல், மறுஎண்ணிக்கைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்டோபர் 4-இல் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தடை நீங்குவதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே 2021-இல் முடிந்துபோனது. அடுத்த தேர்தலில் ஜெயித்த அப்பாவு சபாநாயகர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு கையெழுத்து யாருடையது என்பதற்கு ஐந்து வருடம் போதவில்லை. வார்டு மெம்பர் பதவிக்கு இப்படி ஒரு வழக்கை யார் நடத்துவார்?

2019 அக்டோபரிலேயே இன்னொரு மாற்றம் வந்தது. 80 வயதைத் தாண்டியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தபாலில் ஓட்டளிக்கலாம் என்று மத்திய விதிகள் திருத்தப்பட்டன. தமிழ்நாட்டுக்கு அது 2021 சட்டமன்றத் தேர்தலில் வந்தது. படிவம் 12டி கொடுத்தவர் வீட்டுக்கே அதிகாரிகளும் போலீஸும் வீடியோ எடுப்பவரும் போவார்கள். மறைப்புக்குள் வைத்து முதியவர் ஓட்டுப் போட்டதும் உறையை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இதை எதிர்த்து தி.மு.க. தொடர்ந்த வழக்கை அந்த மார்ச்சில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கட்சிகள் ஏன் பதறின என்பது அரிமளம் அடங்கிய திருமயம் தொகுதியைப் பார்த்தால் விளங்கும். 2016, 2021 இரண்டு தேர்தல்களிலும் அங்கே தி.மு.க.வின் ரகுபதியும் அ.தி.மு.க.வின் வைரமுத்துவும் மோதினார்கள். இரண்டு முறையும் ரகுபதி மிகச் சொற்ப வித்தியாசத்தில்தான் கரையேறினார். அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு கிழவி வீட்டு வாசலும் முக்கியம்.

ஆனால் அதே கிழவி, பத்து மாதம் கழித்து அரிமளம் பேரூராட்சிக்கு ஓட்டுப் போடப் பூத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. சட்டமன்றத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டம் வேறு, விதி வேறு. 2022 பிப்ரவரியில் தபால் ஓட்டு, தேர்தல் பணியாளர்களோடு நின்றுவிட்டது. கொரோனா தொற்று இருந்தவர்களுக்குக்கூட மாலை 5 முதல் 6 மணி வரை பூத்தில் தனி நேரம் ஒதுக்கினார்களே தவிர, வீட்டுக்குச் சீட்டு போகவில்லை. வெள்ளைச் சீட்டுக்கும் பச்சைச் சீட்டுக்கும் இங்கே வேலையில்லை. பேரூராட்சியில் ஒருவருக்கு ஒரே ஓட்டு, அதுவும் இயந்திரத்தில். தலைவரைக் கவுன்சிலர்கள் கூடி மார்ச் 4-இல் தேர்ந்தெடுத்தார்கள்.

பக்கத்து மாநிலம் வேறு வழியில் போயிருந்தது. 2020 டிசம்பர் 8, 10, 14 தேதிகளில் கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல். தடுப்பூசி வராத காலம். அவசரச் சட்டத்தால் பஞ்சாயத்து, நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி, தொற்று உள்ளவர்களையும் தனிமையில் இருப்பவர்களையும் ‘சிறப்பு வாக்காளர்’ ஆக்கினார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மாலை 3 மணி வரை சுகாதாரத் துறைப் பட்டியலில் ஏறியவர்களுக்குச் சிறப்புத் தபால் சீட்டு. அதற்குப் பிறகு தொற்று தெரியவந்தவர் கடைசி நேரத்தில் பூத்துக்கு வரலாம். கவச உடை போட்ட அதிகாரிகள் வீடு வீடாகச் சீட்டைக் கொண்டுபோனார்கள். ஓட்டுப் போட்டு அவர்களிடமே ஒட்டிக் கொடுக்கலாம், அல்லது பின்னர் அனுப்பலாம். இந்தியாவில் உள்ளாட்சித் தேர்தலுக்குச் சாதாரணக் குடிமக்களிடம் தபால் ஓட்டு அந்த அளவுக்குப் போனதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். குறையும் இல்லாமலில்லை. வெள்ளைக் கவச உடையில் ஆட்கள் வந்து நின்றால் அந்த வீட்டில் கொரோனா என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பட்டியலில் பெயர் ஏறியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தபால் வாக்காளர்தான். பூத்துக்கு வர முடியாது.

தபாலில் உள்ளாட்சித் தேர்தல் நடத்திப் பார்த்த நாடுகளில் இரண்டு பாடமும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1981-இல் உள்ளூர்த் தேர்தல்களில் இதைச் சோதித்தது. பிடித்துப்போய், 1998-இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் எல்லாத் தேர்தலையும் தபாலுக்கு மாற்றிக்கொண்டது. இங்கிலாந்து 2000-க்குப் பிறகு கேட்டவருக்கெல்லாம் தபால் ஓட்டு கொடுத்தது. 2004 ஜூனில் பர்மிங்காம் நகரசபைத் தேர்தலில் விவகாரம் வெடித்தது. நள்ளிரவில் ஒரு கிடங்குக்குள் நுழைந்த போலீஸ், மேசை நிறையத் தபால் ஓட்டுகளைப் பரப்பி வைத்திருந்த கட்சிக்காரர்களைக் கண்டது. ஆஸ்டன், போர்டெஸ்லி கிரீன் என்ற இரண்டு வார்டுகளின் முடிவும் 2005 ஏப்ரலில் செல்லாது என்றானது. ஆறு லேபர் கட்சிக் கவுன்சிலர்கள் பதவி இழந்தார்கள். தீர்ப்பளித்த ரிச்சர்ட் மாவ்ரி, தபால் ஓட்டு முறையின் ஓட்டைகளை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். அடுத்த வருடச் சட்டத்தில் கையெழுத்தையும் பிறந்த தேதியையும் சரிபார்க்கும் ஏற்பாடு வந்தது.

இதைக் கேட்டால் தமிழ்நாட்டுக்காரருக்குப் பெரிய ஆச்சரியம் இருக்காது. வார்டுத் தேர்தலில் வீட்டுக்கு வீடு கவர் கொடுத்துப் பழகிய ஊரில், அதே வீட்டிலிருந்து ஓட்டுச் சீட்டுக் கவரையும் வாங்கிப்போக ஆள் வரமாட்டார் என்று யார் உறுதி சொல்வது? பூத்தின் மறைப்புக்குள் நுழைந்த பிறகு பணம் வாங்கியவரும் மனசாட்சிப்படி போடலாம். சமையலறையில் மைத்துனர் பக்கத்தில் நிற்கும்போது அது நடக்காது. இன்னொரு பக்கம், இப்போதைய ஏற்பாடும் சுத்தமில்லை. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் இளவட்டங்களை ஓட்டுக்காக ஊருக்கு அழைத்துவர வேட்பாளர்கள் வேன் ஏற்பாடு செய்வது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். சட்டப்படி அது குற்றம். வேனில் ஏறியவர் யாருக்குப் போடுவார் என்பது ஏறும்போதே முடிவாகிவிடுகிறது. நூறு பேருக்கு வேன் பிடிக்க முடிந்தவர் ஜெயிக்க, முடியாதவர் தோற்க, இடையில் தபால்தலை ஒரு மாற்றாக இருக்கக்கூடும் என்று யோசித்துப் பார்ப்பதில் தவறில்லை. வெளியூரில் இருப்போர் இருந்த இடத்திலேயே ஓட்டளிக்கும் இயந்திரம் ஒன்றை 2023 ஜனவரியில் இந்தியத் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குக் காட்ட முயன்றது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை, அது அப்படியே கிடக்கிறது.

கடல் கடந்தவர் நிலையும் அதேதான். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் வாக்காளர் பட்டியலில் சேரலாம் என்று 2010-இல் சட்டம் வந்தது. ஆனால் பாஸ்போர்ட்டோடு ஊருக்கு வந்து பூத்தில் நிற்க வேண்டும். பதிலாள் ஓட்டுக்கான மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைக்குப் போகாமல் காலாவதியானது. தபால் ஓட்டு கொடுக்கலாம் என்று 2020 நவம்பரில் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போன புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், ஓட்டுக்காக விமான டிக்கெட் எடுப்பாரா என்பதை வாசகரே சொல்லலாம்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், தபால் ஓட்டு ஓர் உள்ளாட்சித் தேர்தலையே நிறுத்திய கதை நடந்திருக்கிறது. இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தலில் அரசு ஊழியர்களுக்குத் தபால்மூல வாக்களிப்பு உண்டு. தேர்தல் நாளுக்குச் சில வாரம் முன்பே, அவரவர் அலுவலகத்திலேயே, அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர் முன்னிலையில் வாக்களிப்பார்கள். ஆகவே சீட்டும் எல்லோருக்கும் முன்னதாக அவர்களுக்குத்தான் அச்சாக வேண்டும். 2023 மார்ச் 9 தேர்தல் நாள். பெப்ரவரி 22 முதல் 24 வரை தபால்மூல வாக்களிப்பு. நாடு பணமில்லாமல் தத்தளித்த சமயம். காசு வந்தால்தான் அச்சடிப்போம் என்று அரசாங்க அச்சகம் சொல்லிவிட்டது. திறைசேரி காசு கொடுக்கவில்லை. தபால் வாக்களிப்பு தள்ளிப்போனது, பின்னாலேயே தேர்தலும் தள்ளிப்போனது. ஏப்ரல் 25 என்று வேறொரு தேதி வைத்தார்கள். அதற்கும் சீட்டு அச்சாகவில்லை. 2024 ஆகஸ்ட் 22-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், நிதியமைச்சர் என்ற முறையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் தேர்தல் ஆணைக்குழுவும் குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. அந்த உள்ளூராட்சித் தேர்தல் கடைசியில் 2025 மே 6-இல் நடந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஏப்ரல் மாதமே தங்கள் தபால் வாக்கை அளித்து முடித்திருந்தார்கள்.

(அடுத்த இதழில்: இருவருக்கும் சம ஓட்டு விழுந்தால் என்ன ஆகும்? குலுக்கலில் ஜெயித்த மெம்பர்களின் கதை.)